எஸ். இனியன் பேரில் வந்த அட்டைகள்

பிளெய்ன்ஸ்பரோ
15 அக்டோபர் 2000, ஞாயிறு

அன்பு மகள் ஓவியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும், பையனுக்கு அம்மை உதிர்ந்த இடமெல்லாம் ஆறித் தோல் பழையபடி ஆகியிருக்க வேண்டும், அதற்கு அந்த மாரியாத்தாள்தான் துணை. போனில் பேசியாகிவிட்டதே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். அந்த வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே அழுது, அழுதுகொண்டே சிரித்து, உன் வீட்டு வாசலில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னாய். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அதே நாள் இந்த வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை, அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி கூப்பிட்டு, கோர்ட்டுக்குப் போய்ப் பையன் பேரை மாற்றிவிடப் போகிறேன், அப்பா அனுப்பிய செக்கும் எனக்கு வேண்டாம் என்று படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அவசரப்படாதே கண்ணு. இதை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் எந்தக் கோர்ட்டுக்கு வேண்டுமானாலும் போ.

கோடையில் நீ வேலையை விட்டுவிட்டு, பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்றபோது நான் உன்னோடு போட்ட சண்டை எனக்கு மறக்கவில்லை. இவ்வளவு படித்த பெண் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரே ஒரு பிள்ளைக்கு வாத்தியார் வேலை பார்ப்பதா என்று எனக்கு எரிச்சல். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவனை ஆனியன் ஆனியன் என்று கூப்பிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள், அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று நீ சொன்னதும் என் சண்டை நின்றுபோனது. அதே பேருக்கு உன் தம்பியையும் இங்கே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் ஒரு நாள் பெரிய வெங்காயம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய் டீச்சர் மேஜையில் வைத்து, ஆனியன் என்று கூப்பிட வேண்டுமானால் இதோ இதைக் கூப்பிடுங்கள், என் பேர் இனியன் என்று சொல்லிவிட்டு வந்தான். அவனுக்கு வாய் இருந்தது. உன் மகன் எதையும் உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொள்கிறவன், அந்த விஷயத்தில் உங்கப்பாவை உரித்து வைத்திருக்கிறான்.

வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கென்று அந்தச் சர்ச் கட்டிடத்தில் வாரம் இரண்டு நாள் களிமண், வயலின், சயன்ஸ் என்று வகுப்பு நடத்துகிறார்கள், அங்கே போனால் அவன் நாலு பேரோடு பேசுவான், ஒரு சம்பளத்தில் அதற்குக் கட்ட முடியவில்லை, உன் தம்பி பேரில் அப்பா வைத்திருக்கும் ஸ்காலர்ஷிப் நிதியிலிருந்து கட்டலாமா என்று நீ கேட்டாய். கேட்டது தப்பில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் அவன் நம்மை விட்டுப் போனபோது, அவன் காலேஜுக்கென்று நாங்கள் சேர்த்ததையும் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் மனசு வந்து போட்டதையும் ஒன்றாக்கி ஆரம்பித்ததுதானே அது. ஆனால் அப்பா பதிலே சொல்லவில்லை. அவரோடு அந்த நிதியைப் பார்த்துக்கொள்கிற வேலுமணி, பள்ளிக்கூடமே போகாத பையனுக்கு ஸ்காலர்ஷிப் என்றால் சங்கத்தில் சிரிப்பார்கள், அதுவும் சொந்தப் பேரனுக்கு என்றால் சிரிப்பதோடு நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு காலையில் அப்பா தானாகவே செக் புத்தகத்தை எடுத்து எழுதினார். என்ன திடீரென்று என்று கேட்டேன். "அவன் பணம், அவன் பேருக்கே போகுட்டும்" என்றார். அந்தப் பேரைச் சொல்லவில்லை, கவனித்தாயா.

வினை அங்கேதான் பிடித்தது. எல்லாம் நம் இனிஷியல் பண்ணின வேலை. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் உங்கப்பா பேருக்கு முன்னால் தகப்பன் எழுத்தைப் போடாமல் எழுத மாட்டார். சேனாபதி மகன் எஸ். இனியன். செக்கின் தலைப்பிலேயே எஸ். இனியன் நினைவு ஸ்காலர்ஷிப் என்றுதான் அச்சடித்திருக்கிறது. மாப்பிள்ளையும் அதே பழக்கத்தில் வகுப்பில் பையன் பேரை எஸ். இனியன் என்று பதிந்துவிட்டார், சபரி மகன் அல்லவா. செக்கோடு ஒரு துண்டுக் காகிதத்தில் அப்பா இங்கிலீஷில் எழுதியதை நான் பார்த்தேன், அப்போது எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எஸ். இனியனின் படிப்புக்காக நாங்கள் சேர்த்து வைத்த பணம் இது, அவனுக்கு இனி இது தேவைப்படாது, அவன் பேரில் உங்கள் வகுப்புக்கு இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். கீழே கையெழுத்து மட்டும்தான், யார் என்ன உறவு என்று ஒரு வார்த்தை இல்லை. என் அப்பா பணம் அனுப்புவார் என்று நீ முன்பே அங்கே சொல்லி வைத்திருந்தாய். வகுப்பை நடத்துகிற அந்த நான்ஸி அம்மாள், நம் பையன் போய்விட்டான் என்றில்லாமல் வேறு எப்படித்தான் அர்த்தம் பண்ணுவாள், நீயே சொல்.

அதற்குத் தோதாகப் பையனுக்கு அம்மை போட்டது. ரெண்டு வாரமாக அவன் வகுப்புக்குப் போகவில்லை, ஏன் வரவில்லை என்று நீ சொல்லவும் இல்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் யாரிடமும் வாயைத் திறக்காதே, யார் வீட்டுக்கும் போகாதே, யாரையும் வீட்டுக்கு விடாதே என்று சொன்னது நான்தான். அதில் எனக்கு இப்போதும் வருத்தம் இல்லை. அம்மன் வந்த வீட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும், என் அம்மா உடுமலைப்பேட்டையில் எங்களுக்கு அப்படித்தான் செய்தாள், சொல்லியிருந்தாலும் அந்த வெள்ளைக்காரத் தாய்மார்கள் உன் பிள்ளைதான் எங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவைத்தான் என்று குதித்திருப்பார்கள். ஆனால் எடிசன் கடையில் வாங்கி நான் அனுப்பிய காய்ந்த வேப்பிலையை நீ கொத்தாகக் கட்டிக் கதவில் தொங்கவிட்டாய் பார், அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாளுக்குச் சந்தேகமே தீர்ந்துபோயிற்றாம். துக்க வீட்டில் வளையம் மாட்டுகிற மாதிரி நம் ஆட்கள் காய்ந்த இலையை மாட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். துக்க வீட்டுக்குச் சாப்பாடாகக் கையில் லசான்யா தட்டோடு, பின்னால் இரண்டு பெண்களோடு வந்து மணியை அடித்தவளுக்கு, முகமெல்லாம் தழும்போடு உன் மகனே கதவைத் திறந்து ஹாய் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று நீ சொன்னபோது எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அன்று மத்தியானத்திலிருந்து எனக்கு வந்த முதல் சிரிப்பு அதுதான்.

இனி இந்த வீட்டுக் கதை. இங்கே இன்னும் உன் தம்பி பேருக்குத் தபால் வருவது உனக்குத் தெரியும். பதினெட்டு வயசு ஆனால் ராணுவத்துக்குப் பேர் பதிய வேண்டும் என்று வந்தது, கிரெடிட் கார்டு வந்தது, இந்தக் கோடையில் அவன் ஸ்கூலில் கூடப் படித்தவர்கள் பத்தாம் வருஷம் என்று ஒன்றுகூடுகிறார்கள், வருகிறாயா என்று அழைப்பு வந்தது. நான் கிழித்துப் போடப் போனேன். அப்பா வாங்கிக்கொண்டு போய், வர இயலாது என்கிற கட்டத்தில் டிக் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டிப் போஸ்ட் பண்ணிவிட்டு வந்தார். வருகிற ஒவ்வொன்றுக்கும் இப்படி மரியாதையாகப் பதில் போடுகிறார், எந்தப் பதிலிலும் அவன் இல்லை என்று எழுத மாட்டார். அவன் வேறு ஏதோ ஊரில் வேலையாக இருப்பதாகவும் இவர் அவனுக்கு செக்ரட்டரி என்றும் நான் சில சமயம் கேலி பண்ணுவேன். கேலி பண்ணுகிறேனே தவிர, தபால் பெட்டியில் அந்தப் பேரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் மாடியில் இருக்கிறான், கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்று கால் திரும்பும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை எஸ். இனியன் குடும்பத்தாருக்கு என்று டெக்சாஸில் உங்கள் ஊரிலிருந்து ஒரு பெரிய கவர் வந்தபோது, நன்றிக் கடிதமாக்கும் என்று நின்றுகொண்டே பிரித்தேன். உள்ளே பிள்ளைகள் க்ரேயானில் வரைந்த அட்டைகள். மஞ்சள் சூரியன், வானவில், இறக்கை வைத்த ஒரு பையன். உன்னை ரொம்பத் தேடுகிறோம் இனியன் என்று ஒரு அட்டை. நீலக் களிமண்ணை உனக்குத் தராமல் நானே வைத்துக்கொண்டதற்கு ஸாரி என்று இன்னொன்று. நீ செய்த தவளை அடுப்பிலிருந்து உடையாமல் வந்துவிட்டது, அதை ஷெல்ஃபில் வைத்திருக்கிறோம், யாரையும் தொட விட மாட்டோம் என்று ஒரு பெண் குழந்தை எழுதியிருந்தது. இதெல்லாம் உன் தம்பிக்கு இல்லையே, அவன் எங்கே தவளை செய்தான் என்று யோசித்துக்கொண்டே கடைசியில் இருந்த நான்ஸி அம்மாளின் காகிதத்தைப் படித்தேன். உங்கள் அன்புப் பேரனை இழந்து நீங்கள் படும் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம் என்று இருந்தது. ஓவியா, எனக்குக் காது அடைத்துவிட்டது. அம்மை முற்றிவிட்டது, நாங்கள் தாங்க மாட்டோம் என்று நீயும் மாப்பிள்ளையும் எங்களிடம் மறைத்துவிட்டீர்கள், ஊரார் வழியாகச் சேதி வருகிறது, அப்படித்தான் நினைத்தேன். அப்பா என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். "மறுபடியுமா" என்றார், அவ்வளவுதான்.

உன் வீட்டுக்கு அடித்தால் லைன் பிஸி. மறுபடி அடித்தால் பிஸி. மாப்பிள்ளை வீட்டிலிருந்தபடியே போன் லைனில் கம்ப்யூட்டரை மாட்டி ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்புறம் அல்லவா தெரிந்தது. அவர் ஆபீஸ் நம்பரில் மெஷின் பேசியது, அந்த வகுப்பு நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சாவு வீட்டில் ஆயிரம் பேர் கூப்பிடுவார்கள், லைன் பிஸியாகத்தான் இருக்கும் என்று என் புத்தி அதையும் கொண்டுபோய் அதோடு சேர்த்தது. உன் மாமியார் அன்றைக்கே சொன்னாளே, அற்பாயுசில் போனவன் பேரைப் பிள்ளைக்கு வைக்காதீர்கள் என்று. அவளைத் திட்டியவள் நான். அந்த மத்தியானம் தரையில் உட்கார்ந்துகொண்டு, அவள் சொன்னது சரி, இந்தப் பேர்தான் என் பேரனையும் கொண்டுபோய்விட்டது என்று நானே நினைத்தேன். நீ போன ஞாயிறு சொன்னதை உனக்கு முன்னால் நினைத்துவிட்டேன் கண்ணு, அதனால் உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உங்கப்பா உட்காரவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உன் நம்பரை அடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் அடிப்பதையும் நிறுத்திவிட்டார், ரிசீவர் மட்டும் காதிலேயே இருந்தது, அந்த பீப் பீப் சத்தம் எனக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தோடு அவர் பேச ஆரம்பித்தார்.

"இனியா, நீ வர வேண்டாங் கண்ணு. மழை பேயுது. நா டாக்ஸி புடிச்சு வந்தர்றேன். நீ ஊட்லயே இரு."

தம்பி போன அன்றைக்கு நீ இந்த வீட்டில் இல்லை, ஹாஸ்டலில் இருந்தாய். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது, என் காரை எடுத்துக்கொண்டு தம்பி அப்பாவை அழைத்துவரப் போனான், ரூட் ஒன்றில் மழையில் அப்படி ஆகிவிட்டது, அவ்வளவும் உனக்குத் தெரியும். போன் அடித்தபோது நான் அவன் பக்கத்தில் நின்றது தெரியாது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, அங்கே இருக்கிற காசு போடும் போனிலிருந்து அப்பா கூப்பிட்டார். இனியா, ஸ்டேஷனுக்கு வந்துடு கண்ணு என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் அந்தப் பேர் அவர் வாயில் வந்ததே இல்லை. உன் மகனுக்கு நீ அந்தப் பேரை வைத்தபோது அவர் ஒன்றும் மறுக்கவில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அவனைச் சாமி, வாடா சாமி, தூங்கினானா சாமி என்றுதான் கூப்பிடுகிறார். நம் பக்கத்தில் எல்லாரும் பிள்ளைகளை அப்படிக் கூப்பிடுவதால் உனக்கு வித்தியாசமாகப் பட்டிருக்காது. எனக்குப் பட்டது. பத்து வருஷமாக அவர் மனசுக்குள் டாக்ஸி பிடித்து வந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் அன்றுதான் தெரிந்தது. நான் எழுந்து போய் ரிசீவரை வாங்கி வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை, மணி அடித்தது. நீதான்.

மற்றதெல்லாம் நீ சொன்னாய். நான் சொல்ல வேண்டியது நீ போனைப் பையனிடம் கொடுத்த பிறகு நடந்தது. ஹாய் அம்முச்சி, நான் சாகவில்லை என்று அவன் இங்கிலீஷில் சொன்னான், நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். அப்புறம், "இனியா" என்றார். அங்கிருந்து அவன் சாதாரணமாக, "என்ன அப்புச்சி" என்றான். அவ்வளவுதான். உங்கப்பா அந்தப் பேரைச் சொன்னார், அதற்கு ஒரு குரல் பதில் சொன்னது. "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டார். லசான்யா சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, எனக்காகவே கொண்டுவந்தார்கள் என்றானாம் அந்தப் பிள்ளை. தன் சாவுக்கு வந்த சாப்பாட்டைத் தானே உட்கார்ந்து சாப்பிட்டவன் உலகத்தில் உன் மகன் ஒருவனாகத்தான் இருப்பான். இன்னும் தண்ணீர் ஊற்றாத வீட்டில் அதில் கறி இருந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, மீதி இருந்தால் தயவுசெய்து கொட்டிவிடு.

செத்ததாகப் பொய்ச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று வேலுமணி சம்சாரம் சொல்கிறாள், என் மனசும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அவன் கார் சாவியைக் கையில் எடுக்கிற வயசு வரும், அன்றைக்கு நான் எந்த அறையில் போய் ஒளிவேன் என்று இப்போதே நினைக்கிறேன். அது பேரை மாற்றினாலும் போகாத பயம். வேறு பேர் வைத்தால் அவனைச் சுலபமாகக் கூப்பிடலாம், ஸ்கூல் பிள்ளைகள் கேலி பண்ண மாட்டார்கள், உன் மாமியாருக்கும் நிம்மதி. பெற்றவர்கள் நீங்கள், முடிவு உங்களுடையது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேள். அந்த அட்டைகளில் ஒன்றில்கூட ஆனியன் என்று இல்லை. அவனுக்கு அதில் என்ன தோன்றுகிறது என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

செக் விஷயம். நான்ஸி அம்மாள் மன்னிப்புக் கேட்டு அதைத் திருப்பி இங்கேயே அனுப்பிவிட்டாள். நேற்று அப்பா புதிதாக ஒன்று எழுதினார். கூடவே காகிதத்தில், இது என் மகன் இனியனின் பணம், அவன் 1990இல் இறந்துவிட்டான், இதை என் பேரன் இனியனின் வகுப்புக்கு அனுப்புகிறேன், அவன் நலமாக இருக்கிறான், வருகிற 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு வருவான் என்று எழுதினார். இறந்துவிட்டான் என்று அவர் கையால் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு என்னிடம் நீட்டி, ஸ்பெல்லிங் சரியா பார் என்றார். சரியாகத்தான் இருந்தது. அந்த வகுப்பில் பணம் கட்ட முடியாத வேறு பிள்ளைகள் இருந்தால் அடுத்த வருஷம் அவர்களுக்கும் இதிலிருந்து தரலாம் என்று வேலுமணியிடம் பேசி முடித்திருக்கிறார், நீ வேண்டாம் என்று மறுபடி ஆரம்பிக்காதே. அட்டைகளை உனக்கு அனுப்பலாம் என்றிருந்தேன், அப்பா தர மாட்டேன் என்கிறார்.

தீபாவளிக்கு முறுக்கும் கச்சாயமும் தனிப் பார்சலில் வருகிறது, கச்சாயத்தை உடனே சாப்பிட்டுவிடுங்கள். பையனுக்குத் தண்ணீர் ஊற்றினாயா என்று நீ சொல்லவே இல்லை. மிளகாய் சுற்றிப் போடு, புகை அலாரம் கத்தினால் கத்தட்டும். மாப்பிள்ளையை வேளைக்குத் தூங்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு, ஒருவர் கண் முன்னால் ஒருவர் நன்றாக இருக்க வேண்டும், இதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியாது.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை அவன் வகுப்பிலிருந்து வந்ததும் தவளையைப் பற்றிக் கேட்க அப்பா கூப்பிடுவார், இப்போதிருந்தே நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் மாப்பிள்ளையைக் கம்ப்யூட்டரை அணைத்து வைக்கச் சொல். மணி அடித்தால் நீ எடுக்காதே. இனியன் எடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கண்மணி